ஹார்ட் டிஸ்க் மாற்றிய பிறகு கொம்பியூட்டர் எழும்பவில்லையா? ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்

எங்கள் வீட்டு மேசைக் கொம்பியூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தம் போடத் தொடங்கியது. முற்றாகப் பழுதாகுமுன் மாற்றிவிடுவோம் என்று புதியது வாங்கிப் பூட்டினேன். விண்டோஸ் இருந்தது அந்த டிஸ்க்கில் அல்ல, பக்கத்தில் இருந்த எஸ்.எஸ்.டி.யில் (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). அதை நான் தொடவே இல்லை. ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: "ரீபூட் அன்ட் செலக்ட் புரொப்பர் பூட் டிவைஸ்".

ஒரு கடையில் விண்டோஸ் பழுது, ஃபோர்மட் பண்ணவேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் மதர்போர்ட் போய்விட்டது என்றார்கள். மகளின் உயர்தர ஐ.சி.ரி. செயற்றிட்டம் முழுவதும் அந்த எஸ்.எஸ்.டி.யில்தான் இருந்தது. ஒன்பது நாள் அலைந்த பிறகுதான் எந்தச் சாமானும் பழுதில்லை என்று தெரிந்தது. கொம்பியூட்டரை எழுப்பும் சின்னக் கோப்புகள் சில, நான் கழற்றி மேசையில் வைத்த பழைய டிஸ்க்கில் இருந்திருக்கின்றன. அன்று ஃபோர்மட் பண்ணச் சம்மதித்திருந்தால் பிள்ளையின் உழைப்பு போயிருக்கும். உங்களுக்கும் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் மாற்றிய உடனே கொம்பியூட்டர் எழும்பவில்லை என்றால், அநேகமாக உங்கள் தரவு அப்படியேதான் இருக்கும். மெசின் தேடும் இடத்தில் தேடும் பொருள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே காரணம் தெரியும்வரை எந்த டிஸ்க்கையும் அழிக்காதீர்கள், அழிக்க விடாதீர்கள்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

பழைய டிஸ்க். கழற்றியதை ஒரு துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவேண்டாம், கடையில் மாற்றுக்கும் கொடுக்கவேண்டாம்.

புதிய டிஸ்க்கின் பில்லும் பெட்டியும். பில்லில் எழுதிய தொடர் இலக்கமும் டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றா என்று வடிவாகப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வாரண்டி கேட்கும்போது பிரச்சினை வரும். பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் வாசியுங்கள். ஓராண்டு வாரண்டி என்றால் 350 நாள் என்று பல கடைகள் அங்கேதான் போட்டிருக்கும். எரிந்த தடம், துரு, மின்னல், கீழே விழுந்த உடைவு இவற்றுக்கு வாரண்டி இல்லை என்பதும் அங்கேதான் இருக்கும்.

பிட்லொக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) திறப்பு இலக்கம். புதிய லப்டொப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் டிஸ்க் தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்ட்டின் அமைப்புத் திரை) எதையாவது மாற்றினால் 48 இலக்கத் திறப்பைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து, இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், மற்ற வேலை பிறகு. இந்த இலக்கம் இல்லாமல் தரவை எவராலும் எடுக்க முடியாது.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்ட்ரைவ் ஒன்று. உறவினர் வீட்டுக் கொம்பியூட்டர் ஒன்றில் மைக்ரோசொஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, விண்டோஸ் பென்ட்ரைவ் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். தரவிறக்கம் 5 ஜிபிக்கு மேல் போகும், இரவு டேட்டா இருந்தால் அதில் போடுங்கள். பென்ட்ரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

இவற்றோடு நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர் ஒன்றும், படமெடுக்க ஃபோனும் போதும். எதைக் கழற்றுமுன்னும் ஒரு படம் எடுங்கள். எந்த வயர் எந்தக் குழியில் இருந்தது என்பது அரை மணித்தியாலத்தில் மறந்துபோகும்.

2. எந்த இடத்தில் நிற்கிறது?

இதைக் கவனிக்காமல் நான் ஒன்பது நாளைத் தொலைத்தேன். "எழும்பவில்லை" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் அதற்குள் நாலு வேறு நிலைமைகள் இருக்கின்றன.

சுவிட்சைப் போட்டால் விசிறியே சுற்றவில்லை, அல்லது சுற்றுகிறது ஆனால் திரையில் எதுவுமே இல்லை என்றால் இது டிஸ்க் பிரச்சினை அல்ல. வேலை செய்யும்போது வேறு வயர் கழன்றிருக்கும், அல்லது ரம் (நினைவகத் தகடு) அசைந்திருக்கும். ரம்மைக் கழற்றி, "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டுங்கள்.

நிறுவனச் சின்னம் வந்து அதிலேயே நீண்ட நேரம் நின்றால், புதிய டிஸ்க்கோடு மெசின் பேச முடியாமல் நிற்கிறது. படி 3க்குப் போங்கள்.

கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்", "ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்", "பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங்" மாதிரி ஒரு வரி வந்தால் படி 4இலிருந்து 6 வரை உங்களுக்கானவை.

விண்டோஸ் சின்னம் வந்து, பிறகு நீலத் திரையில் "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் நேரே படி 8.

வந்த வரியை அப்படியே படமெடுத்து வையுங்கள். கடையில் கொடுத்தாலும் அந்தப் படம்தான் பாதி வேலையைக் குறைக்கும்.

3. வயரும் குழியும்

பிளக்கை சுவரிலிருந்து கழற்றுங்கள். லப்டொப் என்றால் சார்ஜரையும் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். கேஸின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

சாட்டா டிஸ்க்குக்கு, அதாவது வயரால் பூட்டும் சாதாரண வகைக்கு, இரண்டு இணைப்பு. மெல்லியது தரவுக்கு, அகலமானது கரண்டுக்கு. இரண்டையும் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். பழைய சாட்டா வயர்கள் பார்வைக்கு நல்லாயிருந்தாலும் உள்ளே விட்டுப்போயிருக்கும். இன்னொரு வயரையும் மதர்போர்ட்டில் இன்னொரு குழியையும் மாற்றிப் பாருங்கள். புதிய வயருக்கு நான் கொடுத்தது 400 ரூபாய்.

எம்.2 வகை எஸ்.எஸ்.டி. (வயர் இல்லாமல் மதர்போர்ட்டிலேயே பூட்டும் மெல்லிய தகடு) வாங்கியவர்களுக்கு இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதற்குள் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு இனம் உண்டு. குழியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தாலும், அந்தக் குழி மற்ற இனத்துக்கானது என்றால் டிஸ்க் தெரியாது. வாங்குமுன் மதர்போர்ட் மாதிரி இலக்கத்தைக் கடையில் சொல்லுங்கள். இரண்டு, பல மதர்போர்ட்களில் எம்.2 குழியில் எதையாவது பூட்டினால் சாட்டா குழிகளில் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும். புதியது வேலை செய்து பழையது மறைந்தால், பழையதன் வயரை வேறு சாட்டா குழிக்கு மாற்றுங்கள்.

எங்கள் பக்கம் பாவித்த அலுவலக மெசின்களை வாங்குவோர் அதிகம். 2014க்கு முந்தைய மதர்போர்ட்கள் பெரும்பாலானவை என்.வி.எம்.இ. டிஸ்க்கிலிருந்து எழும்பாது. மாற்றுத் தகடு போட்டுப் பூட்டினாலும் விண்டோஸுக்குள் தெரியுமே தவிர அதிலிருந்து தொடங்காது. அந்த மெசினுக்குச் சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் சரி. காசும் குறைவு.

4. பயாஸுக்குள் டிஸ்க் தெரிகிறதா?

சுவிட்சைப் போட்ட உடனே உரிய விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். மேசைக் கொம்பியூட்டரில் பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2. டெல், ஏசர், அசுஸ் லப்டொப்களில் எஃப்2. எச்.பி.யில் எஃப்10. லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2.

உள்ளே டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் மென்பொருளில் எதைச் செய்தும் பயனில்லை, படி 3க்குத் திரும்புங்கள். அதே டிஸ்க்கை வேறொரு கொம்பியூட்டரிலும் பூட்டிப் பாருங்கள். அங்கும் தெரியாவிட்டால் டிஸ்க்கே பழுது, பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

அங்கே திகதியையும் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்ட்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற வட்டப் பற்றரி இறந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி வேலை செய்த நேரத்தில் பயாஸ் தன் அமைப்புகளை மறந்திருக்கும். டிஸ்க் மாற்றியதால் வந்த கோளாறு என்று நினைப்போம், உண்மையில் இந்தச் சின்னப் பற்றரிதான் காரணமாக இருக்கும். மணிக்கூட்டுக் கடையிலும் வாங்கலாம், சில நூறு ரூபாய்க்குள் முடியும். பற்றரி மாற்றிய பின் அடுத்த படியில் சொல்லும் அமைப்புகளைத் திரும்பவும் போடவேண்டும்.

5. பூட் வரிசையும் பூட் முறையும்

வரிசை சுலபம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் முதலாவதாக இருக்கவேண்டும். பட்டியலில் "விண்டோஸ் பூட் மனேஜர்" என்று ஒரு வரி இருந்தால் அதை முதலாவதாக வையுங்கள். பென்ட்ரைவ் குத்தியபடியே இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முறைதான் பலரைத் தடுக்கி விழுத்துவது. பழைய முறைக்கு லெகசி அல்லது சி.எஸ்.எம். என்று பெயர், புதியதற்கு யூ.இ.எஃப்.ஐ. டிஸ்க்கின் உள் அமைப்பும் இரண்டு வகை: எம்.பி.ஆர்., ஜி.பி.டி. விண்டோஸ் எம்.பி.ஆர். டிஸ்க்கில் இருந்தால் லெகசியில்தான் எழும்பும். ஜி.பி.டி.யில் இருந்தால் யூ.இ.எஃப்.ஐ.யில்தான் எழும்பும். மாறி இருந்தால் இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் "டிஸ்க் இல்லை" என்றுதான் மெசின் சொல்லும்.

எது உங்களுடையது என்று தெரியாவிட்டால், இப்போது இருக்கும் அமைப்பைப் படமெடுத்துவிட்டு மற்றதுக்கு மாற்றி, சேமித்து, தொடக்கிப் பாருங்கள். எழும்பாவிட்டால் பழையபடி வையுங்கள். இதனால் தரவுக்கு ஒன்றும் ஆகாது. பிட்லொக்கர் பூட்டு உள்ளவர்கள் மட்டும் 48 இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

6. எழுப்பும் கோப்புகள் எந்த டிஸ்க்கில்?

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மெசினில் இரண்டு டிஸ்க் இருக்கும்போது விண்டோஸ் நிறுவினால், விண்டோஸ் ஒன்றிலும் எழுப்பும் கோப்புகள் மற்றதிலும் போய் உட்காருவது சாதாரணமாக நடக்கும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் வெளியே வரும்.

சோதிப்பது சுலபம். பழைய டிஸ்க்கைப் பழைய குழியிலேயே திரும்பப் பூட்டுங்கள். விண்டோஸ் வழமைபோல எழும்பினால் காரணம் கிடைத்துவிட்டது. எழும்பியதும் தொடக்கப் பொத்தானில் வலது சொடுக்குப் போட்டு டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறங்கள். ஒவ்வொரு பகுதியின் கீழும் சில சொற்கள் இருக்கும். இங்கே பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன, கவனம். "சிஸ்டம்" என்று எழுதியிருக்கும் பகுதியில்தான் எழுப்பும் கோப்புகள் இருக்கின்றன. "பூட்" என்று எழுதியிருப்பது விண்டோஸ் இருக்கும் பகுதி. "சிஸ்டம்" பழைய டிஸ்க்கில் இருந்தால், அதைக் கழற்றுமுன் அந்தக் கோப்புகளை விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்களுடையது எம்.பி.ஆர். வகை, ஆகவே வேலை சின்னது. டிஸ்க் மனேஜ்மென்ட்டில் சி பகுதியை வலது சொடுக்கி "மார்க் பார்ட்டிஷன் அஸ் அக்டிவ்" கொடுத்தேன். பிறகு கமாண்ட் ப்ரொம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, கீழே உள்ளதை ஆங்கில எழுத்தில், இடைவெளிகளையும் சேர்த்து அடித்தேன்.

bcdboot C:\Windows /s C: /f BIOS

இதில் முதல் சொல் பி, சி, டி என்ற மூன்று எழுத்தோடு பூட் சேர்ந்தது. எஸ், எஃப் இரண்டும் தனி எழுத்துகள். கோப்புகள் உருவாகிவிட்டதாக ஒரு வரி வந்தது. கொம்பியூட்டரை நிறுத்தி, பழைய டிஸ்க்கைக் கழற்றி, பயாஸில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக வைத்துச் சுவிட்சைப் போட்டேன். எழும்பியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மகள் அழுதுவிட்டாள்.

ஜி.பி.டி. டிஸ்க் என்றால் "அக்டிவ்" வேலை இல்லை. அதற்குப் பதில் 100 எம்பி அளவில், ஃபட்32 வகையில் இ.எஃப்.ஐ. என்ற தனிப் பகுதி வேண்டும். இல்லையென்றால் சி பகுதியை 300 எம்பி அளவு சுருக்கி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியால் அந்த இடத்தில் ஒன்றை உருவாக்கி, அதற்கு எஸ் என்ற எழுத்துக் கொடுத்து, பிறகு இப்படி அடிக்கவேண்டும்.

bcdboot C:\Windows /s S: /f UEFI

டிஸ்க்பார்ட்டில் தப்பான டிஸ்க்கைத் தெரிவுசெய்தால் அது எதையும் கேட்காமல் அழித்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பழைய டிஸ்க் இறந்துபோய்த் திரும்பப் பூட்ட முடியவில்லையா? விண்டோஸ் பென்ட்ரைவிலிருந்து தொடங்குங்கள். முதல் திரையில் "ரிப்பேர் யுவர் கொம்பியூட்டர்" தெரிவுசெய்து ஸ்டார்ட்டப் ரிப்பேர் கொடுங்கள். ஒரு தடவையில் சரிவராவிட்டால் மூன்று தடவை வரை செய்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து மேலே சொன்னதைச் செய்யலாம். அங்கே விண்டோஸ் இருக்கும் பகுதி சி என்று இல்லாமல் டி என்றோ இ என்றோ காட்டும். பார்த்து, எழுத்தை மாற்றி அடியுங்கள்.

7. பழைய டிஸ்க்கைக் குளோன் (அப்படியே நகல்) பண்ணியவர்களுக்கு

சி பகுதியை மட்டும் நகல் எடுத்தால் எழும்பாது. முழு டிஸ்க்கையும், சின்னப் பகுதிகள் உட்பட, நகல் எடுக்கவேண்டும். குளோன் முடிந்ததும் முதல் தடவை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துத் தொடக்குங்கள். இரண்டும் ஒரே அடையாள இலக்கத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

நேரம்: 500 ஜிபி நிறைந்த டிஸ்க் யூ.எஸ்.பி. 2 வழியாக நாலு மணித்தியாலம் எடுக்கும், யூ.எஸ்.பி. 3 வழியாக ஒன்றரை. இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். யூ.பி.எஸ். இல்லாதவர்கள் லப்டொப் ஒன்றில் வைத்துச் செய்வது நல்லது.

8. நீலத் திரை

"இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" என்றால் விண்டோஸ் தொடங்கிவிட்டது, ஆனால் டிஸ்க்கோடு பேசும் டிரைவர் பொருந்தவில்லை. பயாஸில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ., ரெயிட், ஐ.டி.இ. என்று இருக்கும். முன்பு எது இருந்ததோ அதற்கே மாற்றுங்கள். பற்றரி இறந்து பயாஸ் மறந்த மெசின்களில் இதுதான் வழமையான காரணம்.

சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குக் குளோன் பண்ணியிருந்தால் ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு மூன்று தடவை எழும்பத் தவறினால் நீலநிறப் பழுதுபார்ப்புத் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய் 4ஐ அழுத்துங்கள். அடுத்த தடவை சாதாரணமாக எழும்பும்.

9. புதிதாக விண்டோஸ் போடுவது என்று முடிவெடுத்தால்

மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

புதிய இன்டெல் லப்டொப்களில் நிறுவும் திரையில் டிஸ்க்கே காட்டாமல் இருக்கலாம். டிஸ்க் பழுதென்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். வி.எம்.டி. என்ற அமைப்புக்கான டிரைவரை லப்டொப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பென்ட்ரைவில் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்தால் தெரியும்.

லைசென்ஸ் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டிஸ்க் மட்டும் மாற்றினால் லைசென்ஸ் போகாது, அது மதர்போர்ட்டோடு சேர்ந்தது. விண்டோஸோடு வந்த லப்டொப் என்றால் அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தாலே தானாக அக்டிவேட் ஆகும். "டிஸ்க் மாற்றியதால் புது லைசென்ஸ் வாங்கவேண்டும்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 (ஒரு பாதுகாப்புச் சில்லு), 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம் வேண்டும். பழைய மெசினில் இவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்குக்குக் காசு செலவழியுங்கள்.

நிறுவிய பிறகு பழைய டிஸ்க்கைத் தரவுக்காகப் பூட்டும்போது "இனிஷியலைஸ்" பண்ணவா, "ஃபோர்மட்" பண்ணவா என்று விண்டோஸ் கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

10. கடைக்குக் கொடுக்கவேண்டி வந்தால்

போகுமுன் ஃபோனில் கேளுங்கள்: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, விண்டோஸ் போட எவ்வளவு, எத்தனை நாள். எனக்கு ஒரு கடையில் பார்க்க மட்டும் 1,500 ரூபாய், மற்றதில் 2,000. டிஸ்க் விலை டொலரோடு ஏறி இறங்கும், ஆகவே வாங்கும் அன்றைக்கே இரண்டு கடையில் விசாரியுங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் தெரிந்தவர் இருந்தால் அங்கத்தைய விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் நாளையும் கணக்கில் எடுங்கள். இங்கே வாங்கினாலும் வாரண்டிச் சாமான் பெரும்பாலும் கொழும்புக்குப் போய்த்தான் வரும். அதற்கு வாரக்கணக்கு ஆகலாம், பரீட்சைக்கு முந்திய மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம்.

மெசினைக் கொடுக்கும்போது தரவுள்ள பழைய டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் பார்க்க முடியாது என்றால், "என்னைக் கேட்காமல் ஃபோர்மட் பண்ணவேண்டாம்" என்று துண்டில் எழுதி, கடைக்காரத் தம்பியிடம் கையொப்பம் வாங்குங்கள். நல்ல கடைக்காரர் கோபப்படமாட்டார். எந்தத் திரையில் நின்றது என்ற படத்தைக் காட்டி, "பழைய டிஸ்க்கைப் பூட்டினால் எழும்புகிறது" அல்லது "பூட்டினாலும் எழும்பவில்லை" என்று சொல்லுங்கள். மதர்போர்ட் மாற்றவேண்டும் என்று சொன்னால், வேறொரு டிஸ்க்கைப் பூட்டி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பயாஸில் தெரியாவிட்டால்தான் அந்தப் பேச்சைக் கேளுங்கள்.

வேலை முடிந்து எழும்பிய பிறகும் பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். நாங்கள் யூ.எஸ்.பி. மாற்று வயர் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி, மகளின் கோப்புகளை அதன் வழியாக இன்னொரு இடத்திலும் நகலெடுத்தோம். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க் என்றால் தனிக் கரண்ட் இணைப்போடு வரும் மாற்று வயரைக் கேட்டு வாங்குங்கள், மற்றது அதைச் சுற்ற வைக்காது.